வெயிலில் காய வைத்த கிட்டார்

"நேத்துப் பூரா வெயில்ல காய வச்சும் சத்தம் வரல மச்சான்."

சாத்தூரிலிருந்து இருக்கன்குடி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்து வந்தது குரல். ரெண்டு பேரும் பட்டாசு வேலைக்காரர்கள். நகக்கண்ணில் வெள்ளி மருந்து ஒட்டியிருந்தது. பேசியவர் உறை போட்ட பேஸ் கிட்டாரை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தியிருந்தார்.

"கிட்டாரை எதுக்குலே காய வச்சே?"

"நாலு கம்பியையும் மாறி மாறித் தட்டிப் பாத்தேன். கொசு கத்துற மாதிரி இருக்கு. பழசு வாங்குனதுதான, நமுத்துப் போச்சாக்கும்னு காய வச்சேன்."

"வித்தவரு வாசிச்சுக் காட்டலையா?"

"காட்டுனாரு. சன்னலெல்லாம் அதிந்துச்சு. கூடவே ஒரு ஸ்பீக்கர் பொட்டியும் குடுத்தாரு. கரண்டுல ஓடுறது நமக்கு ஆகாதுன்னு அங்கனயே விட்டுட்டு வந்துட்டேன். கம்பெனியில மருந்து ரூமுக்குள்ள செல்போனையே விட மாட்டாக. பயந்தே பழகிருச்சு."

"அந்தப் பொட்டியில இருந்துதாம்லே சத்தமே வரும்."

கிட்டார்காரர் உறையைத் தடவிக்கொடுத்தார்.

"பிள்ளை பொறந்தா ஆத்தா சன்னதியில கிட்டார் வாசிக்கிறேன்னு நேந்திருந்தேன் மச்சான். பிள்ளையும் பொறந்துருச்சு."

"உனக்கு வாசிக்கவே தெரியாதேலே. எல்லாரையும் போல மொட்டைக்கு நேந்திருக்கலாம்ல."

"முடி திரும்ப வளர எம்புட்டு நாளாகும்."

"கிட்டார் படிக்க?"

கோயில் கோபுரம் தெரிந்ததும் கிட்டார்காரர் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, பஸ் நிற்கும்வரை தலையை வாரிக்கொண்டே இருந்தார்.