இந்த வருஷம் நான் வீட்லதான்

மனைவி: முதல்ல ஏணிய விட்டு இறங்குங்க. கூரைத் தகடு எங்கயும் ஓடிறாது.

கணவன்: ஓடும்டி. போன வருஷம் பக்கத்துத் தெரு வரைக்கும் ஓடுச்சு. அந்த ஸ்க்ரூவக் குடு... அது இல்ல, வாஷர் போட்டது.

மனைவி: புயல் சீசனுக்கு இன்னும் நாள் கெடக்கு. எதுக்கு இந்தப் பற பறக்குறீங்க?

கணவன்: நீ மட்டும் என்னவாம்? காலங்காத்தால அத்தனை டிரம்மையும் கழுவிக் கவுத்தாச்சு. சரி, இங்க வா. இதுதான் மெயின் சுவிட்ச். தண்ணி வாசல்கிட்ட வந்தாலே கீழ இறக்கிடணும். கை ஈரமா இருக்கக் கூடாது.

மனைவி: லைன்மேன வீட்ல வச்சுக்கிட்டு நான் எதுக்கு அதத் தொடணும்?

கணவன்: சும்மா... தெரிஞ்சு வச்சுக்கோ.

மனைவி: ம்ம்... அப்ப நீங்களும் வாங்க. இது மாமாவோட மூச்சு மிஷின். மருந்து இந்தக் கோடு வரைக்கும். மாஸ்க்க மூக்கோட அழுத்திப் பிடிக்கணும். கரண்ட் போச்சுன்னா இந்த பேட்டரி.

கணவன்: நர்ஸ வீட்ல வச்சுக்கிட்டு நான் ஏன்டி...

மனைவி: சும்மாதான். தெரிஞ்சு வச்சுக்கோங்க.

அப்பா: அங்க என்னப்பா குசுகுசுன்னு? எனக்குக் காது நல்லாவே கேக்குது!

மனைவி: ஒண்ணுமில்ல மாமா! நீங்க படுத்திருங்க, எந்திரிக்காதீங்க!

கணவன்: மெதுவாப் பேசு.

மனைவி: நான் எங்க கத்துறேன்? போன வருஷப் புயல்ல மாமா பட்ட பாடு போதும். உங்களக் கம்பம் நடக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, என்னை வார்டுலயே நிறுத்திக்கிட்டாங்க. பாவம் மனுஷன், இருட்டுல, முழங்கால் தண்ணில, தன்னந்தனியா...

கணவன்: அதான் இந்த வருஷம் நான் வீட்லதான்னு சொன்னேன்ல.

மனைவி: நானும்தான் சொன்னேன்.

கணவன்: சொன்னேல்ல? அப்புறம் என்ன. ரெண்டு பேர் இருக்கப்ப... ஒருத்தர் கொஞ்சம் அப்படி வெளிய போனாலும்...

மனைவி: வெளியன்னா?

கணவன்: இந்த ஜன்னல் பலகைய ஒரு பக்கம் பிடி.

மனைவி: பிடிக்க மாட்டேன். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

கணவன்: ...புயல் அடிச்சா கரண்ட் வேலைக்கு முதல்ல கெளம்புற கேங்ல பேர் குடுத்துட்டேன்.

மனைவி: அடப்பாவி மனுஷா!

கணவன்: ஆஸ்பத்திரி லைன் எனக்குத்தான்டி அத்துப்படி. புதுசா வந்தவங்க ஏறுனா தவிச்சுப் போயிடுவாங்க. நீதான் வீட்ல இருக்கியேங்கற தைரியத்துல... ஆமா, நீ ஏன் தரையப் பாக்குற? ஏய்... நீயுமா?

மனைவி: பிரசவ வார்டுல ஆளே இல்லைங்க. கெஞ்சினாங்க. நீங்க இருக்கீங்களேன்னு நான்...

கணவன்: வெளங்கிடும்! அப்ப அப்பா?

மனைவி: நாளைக்கே போய் முடியாதுன்னு சொல்லிடறேன்.

கணவன்: நீ ஏன் சொல்ற? நான் சொல்லிக்கறேன்.

மனைவி: நீங்க போகலன்னா என் வார்டுல லைட் எரியாது.

கணவன்: நீ போகலன்னா அந்த லைட் யாருக்குடி?

அப்பா: யாரும் போய் ஒண்ணும் சொல்ல வேணாம். என் தங்கச்சிக்குப் போன வாரமே போன் போட்டுட்டேன். அவ வீடு மேட்டுல இருக்கு, சீசன் முடியற வரைக்கும் அங்கதான். பையும் கட்டி கட்டிலுக்கு அடியில வச்சாச்சு. உங்க ரெண்டு பேருக்கும் வீட்ல கால் நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? போன வருஷம் 'பயமே இல்ல, நல்லாத் தூங்குனேன்'னு சொன்னேன்ல... பொய்ப்பா. ரொம்பப் பயந்துட்டேன். அந்த மிஷின எடுத்து பையில வைம்மா.