புள்ளி நகர்கிறது

— மேப்புல பஸ்ஸோட புள்ளி நகரவே இல்லையே வாரிஜக்கா. சில்க் போர்டு சிக்னல்லயே ஒட்டிக்கிட்டு நிக்குது.

— நகரும் சோமய்யா. நீ முதல்ல உக்காரு. நீ குறுக்கும் நெடுக்கும் நடக்குறதுல எனக்குத் தலை சுத்துது.

— எப்படி உக்கார்றது? இந்தப் புள்ளியை அனுப்புற நம்ம பெட்டியை மாட்டின முதல் பஸ். உள்ள நம்ம சேஷகிரி சார், பக்கத்துல பஸ் முதலாளி. போன வாரம் சோதிச்சுப் பார்த்தப்போ மாதிரி எல்லா ஸ்டாப்பையும் மாரத்தஹள்ளின்னு சொல்லி மானத்தை வாங்காம, இன்னைக்குத்தான் பெட்டி ஒழுங்கா ஸ்டாப் பேரைச் சொல்லுது. இது நல்லபடியா முடிஞ்சாத்தான் என் வேலை நிரந்தரம்னு சார் சொல்லியிருக்காரு.

— அதெல்லாம் முடியும் தம்பி. ஆமா, பஸ் நின்னு எவ்வளவு நேரம் இருக்கும்?

— அரை மணி ஆகப்போகுது. ஏன், உங்க முகம் ஏன் இப்படிப் போகுது?

— கேளு, கத்தாதே. புரோகிராமுக்குள்ள தமாஷுக்கு ஒரு வரி ஒளிச்சு வெச்சேன். அரை மணி நேரம் பஸ் அசையாம நின்னா பெட்டி அதைப் பேசும்.

— என்னன்னு?

— "இறங்கி நடங்க, சீக்கிரம் போய்ச் சேரலாம்"னு.

— அக்கா.

— எந்த பஸ்ஸாவது அரை மணி நேரம் ஒரே இடத்துல நிக்குமான்னு நெனச்சேன் தம்பி.

— நீங்க பெங்களூர்லதானே பொறந்தீங்க?

— குத்திக் காட்டாதே.

— இங்கேருந்தே அழிச்சுடுங்க.

— பஸ் டிப்போவுக்கு வந்தாத்தான் முடியும். இன்னொண்ணு கேளு. அன்னைக்கு என் கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சு. உன்னோடதுல உக்காந்துதான் எழுதினேன். அந்த வரிக்கு மேல உன் பேருதான் இருக்கும்.

— போச்சு. வேலை கெடச்சாச்சுன்னு மடிகேரி பூரா அம்மா சொல்லிட்டாங்க. இனிமே நான் எந்த மூஞ்சியோட ஊருக்குப் போவேன்?

— நான்தான்னு நானே சொல்லிடறேன்.

— சொன்னா உங்க வேலை?

— போகட்டும். வாய்க்கொழுப்பு என்னோடது, உன் தலை எதுக்கு உருளணும்?

— இருங்க. புள்ளி நகருது அக்கா.

— அப்பாடா. தப்பிச்சோம்.

— ஆனா ரொம்ப மெதுவாப் போகுது. நடுவுல நின்னு மூச்சு வாங்கற மாதிரி இருக்கு. இப்போ நம்ம ஆபீஸ் பக்கத்து பேக்கரி சந்துக்குள்ள திரும்புது.

— அந்தச் சந்துல ஆட்டோவே திணறுமே. பஸ் எப்படிப் போகும்?

— பஸ் வரல அக்கா. பெட்டி மட்டும் வருது. யாரோ கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு நம்ம ஆபீசுக்கே நடந்து வர்றாங்க.

— சிவனே. படியில செருப்புச் சத்தம் கேக்குது. நீ வாயே திறக்காதே, நான் பேசிக்கிறேன்.

— வாங்க சேஷகிரி சார், முதல்ல தண்ணி குடிங்க. சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு.

— தண்ணி இருக்கட்டும் சோமய்யா. இந்தப் பெட்டிக்கு இப்படிப் பேசக் கத்துக்கொடுத்தது யாரு?

— நான்தான் சார். சோமய்யா பேரு இருக்கும், ஆனா அவனுக்கு ஒண்ணும் தெரியாது. என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க.

— அதை அப்புறம் பேசிக்கலாம் வாரிஜா. உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது பஸ் ஓட்டத் தெரியுமா? இது வாயைத் திறந்ததும் முதல் ஆளா இறங்கி நடந்தது டிரைவர்தான்.