அடிவாங்கிய பையன் சொன்ன கேள்வி

எங்கள் ஊர்த் தலைமையாசிரியர்களே, பிரம்பில்லாமல் பாடம் நடத்த நீங்கள் ஒரு வாத்தியாருக்கும் சொல்லித்தரவில்லை.

நேற்று சாத்தான்குளம் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு கணக்கு வாத்தியார்கள். அதில் ஒருவர் மாலத்தீவுப் பள்ளிக்கூடத்தில் வேலை போய்த் திரும்பியவர்.

“ஊறுகாயோட பிரம்பையும் கட்டிக்கிட்டுப் போனீராமே, வே?” என்றார் மற்றவர்.

“அங்கன தென்னைய விட்டா வேற மரமில்லன்னாவ. கம்புக்கு எங்க போவ?”

“அடிச்சீராக்கும்.”

“வீட்டுக்கணக்குப் போடலன்னு ஒரு பயலுக்கு ரெண்டு போட்டேன். மறுநா அப்பனக் கூட்டிட்டு வந்துட்டான்.”

“நம்மூரு அப்பன்னா, கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரியும்பான்.”

“அந்தாளு சத்தமே போடல, வே. அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவன் பாஷையில என்னமோ சொன்னான். அடிவாங்குன பயதான் அத எனக்கு இங்கிலீஷ்ல சொன்னான். ‘என்னை எதுக்கு அடிச்சீங்கன்னு அப்பா கேக்காங்க.’”

“நீர் என்ன சொன்னீர்?”

“இத்தன வருசமா அடிச்சிருக்கேன். வாயில ஒரு பதில் வரலியே, வே. மறுவாரமே அனுப்பிட்டாவ.”

மற்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தலைமையாசிரியர்களே, வருகிற ஆண்டுவிழாவில் பெற்றோர் முன்னால் மைக்கைப் பிடித்து நீங்கள் பதில் சொல்லுங்கள். பிள்ளைகளை எதற்கு அடிக்கிறீர்கள்?