சந்தனம் மறைத்த எண்

இதை எழுதலாமா என்று சில வருடங்கள் தயங்கினேன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில், முன்சீட்டில் அண்ணன் தம்பி இருவர் பேசிக்கொண்டது.

"சின்ன அலுமினியப் படகுக்கு இருபத்தஞ்சு ஹெச்பி மோட்டாரா, ஏலே?" என்றார் அண்ணன்.

"வேகமா போவும்லாண்ணே. மாட்டுன எம் மச்சான் இப்ப எம் பிள்ளைய ஏத்திக்கிட்டு குளத்துல சுத்தப் போறான்."

"பின்னால மோட்டார் கனத்துச்சுன்னா கவுந்துரும்லே. எத்தன ஹெச்பி தாங்கும்னு படகுல அடிச்ச தகட்டுல போட்டிருக்குமே, பாத்தியா?"

"பூசைக்கு அதுலதான் சந்தனம் அப்பியிருக்கோம். சாமி பாத்துக்கிடுவாரு."

"தொடச்சுப் பாக்கச் சொல்லுலே."

தம்பி, குளக்கரையில் நின்ற மனைவிக்குப் போன் போட்டான். சாமிக்கு வைத்ததை அழிப்பதா என்று அவள் தயங்கியது எனக்கே கேட்டது.

"தொடச்சுப் பாருட்டி" என்றான். அவள் துடைத்துவிட்டு எண்ணைப் படித்தாள்.

"பத்தா?" அவன் குரல் இறங்கிவிட்டது. "ஏட்டி, பிள்ளைய எறக்கு."

அண்ணன் வாயால் துடைக்கச் சொன்னதும் சாமிதான். இதைக் கூட்டாமல் குறைக்காமல் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.