போல் வார்ச்சீன்

இல்ல தம்பி, மேப்புல தேடிப் பிரயோஜனமே இல்ல. கிடைக்காது. உக்காருங்க, முட்டை ஆயிடுச்சு. அப்பா டிராக்டருக்கு டீசல் ஊத்திட்டு இருக்காரு, வர கொஞ்ச நேரமாகும்.

மத்த ஊரெல்லாம் கண்டுபுடிச்சிட்டீங்கல்ல? அக்கில், நியூபோர்ட், வெஸ்ட்போர்ட்டு... பாட்டுல கப்பலேறப் போறவன் நடந்து போற வழி, வரிசையா வரும். கடைசிக் கண்ணியில மட்டும் போல் வார்ச்சீன். அந்த ஒரு பேருக்காக டப்ளின்லேர்ந்து கிளம்பி வந்திருக்கீங்க.

புனிதர் பேர்ல இருந்த கிணறா? யாரு, உங்க பேராசிரியரா சொன்னாரு? இருக்காது. கிணத்துக்கு எங்க பாஷையில தோபர்னு பேரு. போல்னா வெறும் குழி. அடுப்பெரிக்க சதுப்பு நிலத்துல மண்கட்டி வெட்டி எடுப்போம்ல, அந்தப் பள்ளத்துல கறுப்பா தண்ணி நிக்கும், அது போல். மார்ச்சீன் ஆம்பள பேரு. குழியோட சேத்துச் சொன்னா வார்ச்சீன்னு குழையும். மார்ச்சீனோட குழி, அவ்வளவுதான்.

ஆமா, ரேடியோக்காரங்க பதிவு பண்ணது எங்கம்மா குரல்தான். பெகீன்கிறது அவங்கதான். அவங்களுக்கு முன்னாடி பாடினவங்க யாருகிட்டயும் அந்தக் கண்ணி இல்லைன்னு நீங்களேதான் சொல்றீங்க. தொலைஞ்சு போன பழைய கண்ணியெல்லாம் இல்ல தம்பி. அம்மா சேத்தது.

எங்க வீட்ல மார்ச்சீன்னு ஒருத்தர் வேலைக்கு இருந்தாரு. நான் அப்ப கைக்குழந்தை. பகல்ல ஆடு மேய்ப்பாரு, பொழுது சாஞ்சா ஃபிடில். அவரு வாசிக்க அம்மா பாட, சனிக்கிழமையானா அடுப்படியில நிக்க இடமிருக்காதாம். ஊரு வாய் சும்மா இருக்குமா? என்னென்னமோ பேசிச்சு. அப்பா காதுலயும் விழுந்துச்சு. அந்த வசந்தத்துல மார்ச்சீனைக் காணோம். கப்பலேறி பாஸ்டன் போயிட்டான்னு அப்பா சொன்னாரு. எல்லாரும் போய்க்கிட்டிருந்த காலம், யாரு கேக்கப் போறா. அவரைப் பெத்தவங்க மட்டும் தபால்காரர் வர்ற நேரத்துக்கு ரோட்டுல வந்து நிப்பாங்களாம். சாகற வரைக்கும் நின்னாங்க.

ஃபிடிலா? அது எங்க வீட்டுச் சுவத்துலயே தொங்கிக்கிட்டிருந்துச்சு. பாஸ்டன் போறவன் அதை விட்டுட்டா போவான்?

கொஞ்ச நாள் கழிச்சு, வீடு நிறைய ஜனம் இருக்கறப்ப, அம்மா இந்தப் பாட்டை எடுத்திருக்காங்க. முடியற எடத்துல முடிக்காம புதுசா ஒரு கண்ணி. கப்பலேறப் போனவன் போல் வார்ச்சீன்ல தங்கிட்டான்னு. ஏதோ வழியில இருக்கற சத்திரம்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க. அப்பா எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. அப்புறம் எப்ப அந்த வரி வந்தாலும் அப்படித்தான், நானே பாத்திருக்கேன். பாடாதேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. சொன்னா ஏன்னு கேப்பாங்கல்ல.

அம்மா படுக்கையில கிடந்தப்ப நான் கேட்டேன். ஏம்மா அந்த வரின்னு. அவனுக்குக் கல்லறை இல்ல, பேராவது இருக்கட்டும்னாங்க. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க.

ஏன் முகம் இப்படி ஆயிடுச்சு. நேத்து பப்புல அப்பாகிட்டயே போய்க் கேட்டீங்களாமே, இந்த இடம் தெரியுமான்னு. கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாரா? பூட்ஸ்கூட தர்றேன்னாரா? எனக்குத் தலை நரைச்சிடுச்சு தம்பி, என்கிட்ட அந்த இடத்தை அவரு காட்டினதில்ல. வயசானவருன்னு பாக்காதீங்க. போன வாரம்கூட சேத்துல விழுந்த செம்மறிக் கடாவை ஒத்தை ஆளா இழுத்துப் போட்டாரு.

இங்க வர்றீங்கன்னு யாருக்காவது தெரியுமா? பேராசிரியருக்குக்கூட சொல்லலையா?

ம். டிராக்டரைக் கிளப்பிட்டாரு. நீங்க பின்பக்கமா இறங்கி காருக்குப் போங்க. வெஸ்ட்போர்ட்ல போலீஸ் இருக்கு, கூட்டிட்டு வாங்க. உங்களுக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டு நான் ஏறிக்கறேன். அந்தக் குழிக்கு என்னைக் கூட்டிட்டுப் போன்னு சொல்லப்போறேன், எத்தனை நாளைக்குத்தான் சும்மா இருக்கறது. டிராக்டர் தடத்தைப் பிடிச்சே வாங்க, ஈர மண்ணுல நல்லா தெரியும். இடம் தெரியாம அலைய மாட்டாரு. மார்ச்சீனை அடிச்சுக் கொன்னு அங்க கொண்டுபோய்ப் போட்டவரு அவருதானே.