படிவத்தில் இல்லாத ஊதா

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் கழுவுவதில்லை. நீங்களும் கழுவியிருக்க மாட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. உங்களைக் குறைசொல்ல வரவில்லை. கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறேன்.

ஏரித் தண்ணீரைச் சுத்தம் செய்து ஊருக்கு அனுப்பும் நிலையத்தில் இருபத்தாறு வருடமாக ஆய்வகப் பரிசோதகன் நான். அங்கே தலைமைப் பொறியாளர் என் தங்கையின் கணவர். மாப்பிள்ளை மேலிடத்தில் இருந்தால் சௌகரியம் என்று நினைப்பவர்கள் இரண்டு நாள் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஏரியிலுள்ள பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். இது என் கற்பனை இல்லை, படித்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஒவ்வொன்றும் துளித்துளியாக ஒரு ரசாயனத்தை வெளியே விடும். கூட்டம் பெருகினால் தண்ணீரில் அந்த ரசாயனமும் ஏறும். ஓர் அளவைத் தாண்டியதும், போதுமான பேர் சேர்ந்துவிட்டோம் என்று புரிந்துகொண்டு, அதுவரை சாதுவாகக் கிடந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் வழவழவென்று படர்ந்து விஷத்தைக் கக்கும். எங்கள் அலுவலகக் கமிட்டிகளைவிட ஒழுங்கான ஏற்பாடு. ஆனால் நிலையத்தின் பரிசோதனை தலைகளை மட்டும்தான் எண்ணும். பேச்சைக் கேட்க நான் தனி வழி வைத்திருந்தேன். அந்த ரசாயனம் பட்டால் ஊதாவாகும் ஒரு பாக்டீரியாவைத் தட்டில் வளர்த்து, அதில் ஏரித் தண்ணீரைச் சொட்டுவேன். படிவத்தில் ஊதாவுக்கும் ஒரு கட்டம் சேருங்கள் என்று மூன்று தடவை எழுதிக்கொடுத்தேன்.

மூன்றாவது கடிதத்தை மாப்பிள்ளை கூட்டத்தில் உரக்கப் படித்தார்.

"அதுங்க பேசுறது இருக்கட்டும் மச்சான். உங்களப் பத்தி என்ன பேசிக்குதுங்க?"

பதினாலு பேர் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது, அதை மறைப்பானேன்.

மாப்பிள்ளைக்குக் குளோரின் நெடி ஆகாது. ஊருக்கெல்லாம் குளோரின் போட்டு அனுப்புகிற மகானுபாவர், தன் வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு மட்டும் மணல் வடிகட்டியிலிருந்து நேரே தனிக்குழாய் இழுத்திருந்தார். குடிக்கக் கேன் தண்ணீர், மற்றதற்கெல்லாம் இது. எண்ணிக்கை மட்டும் போதாது என்று நிரூபிக்கும் என் ஆராய்ச்சிக்கு அதைவிடத் தோதான தொட்டி எங்கே கிடைக்கும்?

அந்தப் பேச்சு ரசாயனத்தை ஆய்வகத்தில் வடித்தெடுத்தேன். கிருமி ஒன்றுகூட இல்லாமல்தான். சுத்த விஷயத்தில் நான் கறார். தினமும் சாயங்காலம் தங்கை வீட்டுக்கு டீ குடிக்கப் போவேன். மாடியேறி ஒரு சின்னப் புட்டியைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு இறங்குவேன். இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நான் தண்ணீரில் கிருமி கலக்கவில்லை. ஏற்கெனவே இருந்த கொஞ்சம் பேரிடம், நீங்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று சொன்னேன். மைக் பிடிக்கிற எவரும் செய்வதுதான்.

ஐந்தாம் நாள், தொட்டித் தண்ணீர் சொட்டிய தட்டு ஊதாவாயிற்று. எண்ணிக்கை அப்போதும் வரம்புக்குள்தான் இருந்தது.

தங்கைக்குச் சர்க்கரை நோய். செருப்பு கடித்துக் காலில் புண். இரண்டு வேளையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவச் சொல்லியிருந்தார் டாக்டர். ஆறாம் நாள் மாலை குளியலறை வாசலில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"அண்ணா, குழாயெல்லாம் வழவழன்னு இருக்கு. இந்தத் தண்ணில கழுவலாமில்ல?"

"டெஸ்ட்ல எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. கழுவு."

படிவத்தை எடுத்துப் பாருங்கள், நான் சொன்னது உண்மை.

எட்டாம் நாள் முழங்கால்வரை வீங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புண்ணுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்து இந்தக் கிருமியிடம் பலிக்காது. டாக்டர் கெட்டிக்காரர். என்னை வராந்தாவுக்கு அழைத்து, வீட்டுத் தண்ணீரில் ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டார். கிருமியின் பெயரும் அதற்கான மருந்தின் பெயரும் என் சட்டைப்பையில் இருந்தன. ஆனால் ஆராய்ச்சிக்குப் பத்து நாள் வேண்டும். எட்டாம் நாளே சொன்னால் தொட்டியைக் காலி செய்துவிடுவார்கள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

பத்தாம் நாள் கடைசி மாதிரியை எடுத்து முடித்ததும் நேரே போய் டாக்டரிடம் சொன்னேன். அதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது. மறுநாள் காலையில் போய்விட்டாள். மாப்பிள்ளை என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன், அது நடிப்பில்லை.

அவளை நான் கவனிக்கவில்லை என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. என் பச்சை நோட்டைப் பிரித்துப் பாருங்கள் ஐயா. முதல் புட்டியை ஊற்றிய அன்றே ஆரம்பித்து, தினமும் மாலையில் அவள் புண்ணை அளந்து, மில்லிமீட்டர் சுத்தமாக எழுதி வைத்திருக்கிறேன். எந்த அண்ணன் அவ்வளவு செய்வான்?