முட்டிவலிக்கு வாங்கிய மாத்திரை

என் பெயர் தமாட லோகநாதம். வயது அறுபத்து மூன்று. தகப்பனார் தமாட சிம்மாசலம், காலமாகிவிட்டார். உத்தானம் பகுதியில், கடலோரக் கிராமத்தில், கதவு எண் 2-41இல் வசிக்கிறேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. தென்னை ஏறுவது தொழில். வைத்தியர் பைராகி மீது என் மகன் தர்மாராவ் கொடுத்த புகார் குறித்துப் போலீசார் விசாரித்தபோது, யாருடைய வற்புறுத்தலும் இன்றி நான் சொல்வது:

என் மனைவி ஜானகம்மா முந்திரிக்கொட்டை உடைப்பவள். எங்கள் ஊரில் பலருக்கும் உள்ள கிட்னி நோய் அவளுக்கும் இரண்டு வருடமாக இருந்தது. அரசு மருத்துவமனையில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி மாத்திரை தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன். அதன்பிறகு நான் மருந்து வரிசைக்குப் போய்விட்டதால் மீதியை அவளிடம்தான் சொன்னார். வரும் வழியில் கேட்டேன். "உப்பக் கொறைக்கணுமாம். வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

சென்ற ஏப்ரலில் அவளுக்கு இடுப்புவலி அதிகமானது. உட்காரவும் படுக்கவும் முடியாமல் சுவரைப் பிடித்தபடி நின்றாள். எங்கள் ஊரில் வைத்தியம் பார்த்து மருந்தும் விற்கும் பைராகியிடம் போய் மாத்திரை கேட்டேன். "அத்தைக்குக் கிட்னியே சரியில்ல மாமா. எங்கிட்ட கேக்காத" என்று திருப்பி அனுப்பினான். மறுநாள் மீண்டும் போய் எனக்கு முட்டிவலி என்றேன். "நேத்து மரத்துல குரங்காட்டம் ஏறின, இன்னிக்கு முட்டியா?" என்று கேலி பேசிவிட்டுப் பத்து மாத்திரை கொடுத்தான். இதுபோல மூன்று முறை வாங்கினேன். அத்தனையும் அவளுக்குத்தான் கொடுத்தேன். அவள் பழையபடி வேலைக்கு உட்கார்ந்ததில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதன்பிறகு அவளுக்கு வாந்தி வந்தது, சிறுநீர் குறைந்தது. தளர்ந்தவர்களுக்கு நாங்கள் இளநீர்தான் கொடுப்போம். தெரியாமல், காலையும் மாலையும் ஏறி வெட்டிக் கொடுத்தேன். "கெழவனுக்கு மரம் ஏற ஒரு சாக்கு" என்பாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்கமாட்டாள்.

மே ஒன்பதாம் தேதி காலை அவளால் காலைத் தூக்க முடியவில்லை. ஆட்டோவில் மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் இதயம் நின்றுவிட்டது. வலி மாத்திரையால் கிட்னி முடங்கிவிட்டது, வெளியேற வேண்டிய பொட்டாசியம் உடம்பிலேயே தங்கிவிட்டது, ரத்த அழுத்த மாத்திரையும் அதைக் கூட்டும், இளநீரிலும் அதுதான் நிறைய என்று டாக்டர் விளக்கினார். "இளநீரே கூடாதுன்னு அந்தம்மாகிட்ட அன்னிக்கே சொன்னேனே" என்றார்.

பதினோராம் நாள் காரியத்தன்று பைராகி வந்திருந்தான். "நானும் எளநி குடிக்காதன்னுதான் சொன்னேன் மாமா. வேண்டாம்னுட்டா அந்த மனுசன் எனக்குக் குடுக்க வேற என்ன இருக்குன்னு அத்தை கேட்டுது" என்றான்.

பைராகி மீது தவறில்லை. அவன் என் முட்டிக்குத்தான் கொடுத்தான். இதைச் சொன்னால் மகன் என்னோடு பேசமாட்டான் என்று தெரியும். பேச எனக்கு வேறு ஆள் இல்லை. தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன். மாத்திரையை நான் தெரியாமல் கொடுத்ததாக எழுதியிருந்தார்கள். 'தெரியாமல்' என்பதை அடிக்கச் சொன்னேன், அடித்தார்கள். இளநீர் பற்றிய இடத்திலும் அதே சொல் இருந்தது. அதை அடிக்காமல் அப்படியே இருக்க விடச் சொன்னேன். மற்றபடி நான் சொன்னது சொன்னபடியே உள்ளது, எல்லாம் உண்மை.

(இடது கைப் பெருவிரல் ரேகை)
தமாட லோகநாதம்